ஜன்னலோரம் நீ உக்காரு

பஸ்ஸில் அக்காவோடு போகிறவர்கள் ஜன்னலோரம்தான் உட்கார வேண்டும். அது அவர் வைத்த சட்டம். காற்று வரும், வழியெல்லாம் வேடிக்கை பார்க்கலாம் என்று பிரியமாகக் கொடுக்கிற இடம் என்றே முதலில் நினைத்தேன். மரக்காணத்தில் ஏறியதும் ஆளை உள்ளே தள்ளிவிட்டுத் தான் வழிப்பக்கம் உட்கார்வார். ஒயர் கூடையைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொள்வார். அதற்கப்புறம் அவர் எழுந்தால்தான் உள்ளே இருப்பவர் வெளியே வர முடியும்.

"ஆஸ்பத்திரிக்குப் போறவங்கள்ல பல்லு வலிக்காரன் பாதி வழியில எறங்க மாட்டான்பா. காலு ஒடிஞ்சவன் எறங்க மாட்டான். இவனுங்க எறங்கிடுவானுங்க" என்பார்.

குடியிலோ மாத்திரையிலோ சிக்கிக்கொண்டு மீள முடியாமல் இருந்தவர்களைத்தான் 'இவனுங்க' என்பார். அந்தச் சொல்லில் ஏளனம் இருந்ததில்லை. வீட்டுப் பிள்ளைகளைச் சொல்கிற மாதிரிதான் இருக்கும்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவரோடு பஸ்ஸில் போனவர்கள் யார் யார் என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். அக்கா என்றே இருக்கட்டும். ஊரில் எல்லோருக்கும் அவர் அக்காதான். என்னை அவர் கிளார்க்கு என்பார். உப்பு லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் இடத்தில் நான் அப்போது எழுத்தராக இருந்தேன். முதல் மழை என்றைக்கு, முதல் உப்பு வாரியது என்றைக்கு, யார் வீட்டில் என்ன விசேஷம் என்று நாள் குறித்து வைப்பது என் வழக்கம். அக்காவுக்கு அது பெரிய வேடிக்கை.

அவர் உப்பளத்தில் கூடை தூக்கியவர். புடவைக்கு மேல் ஆண் சட்டை, தலையில் சும்மாடு, கடைவாயில் எந்நேரமும் ஒரு துண்டு புகையிலை. தை கடைசியில் பாத்திகளில் வேலை தொடங்கினால் மழை பிடிக்கும்வரை உப்புதான். ஐப்பசியில் மழை இறங்கியதும் அளத்தில் வேலை நின்றுவிடும். மற்றவர்கள் நாற்று நடவோ கட்டட வேலைக்கோ போவார்கள். அக்கா ஒயர் கூடையை ஆணியிலிருந்து இறக்குவார். ஒரு போர்வை, ஒரு டம்ளர், ஒரு பனை விசிறி, ஒரு சோப்பு. அவ்வளவுதான் அதில் இருக்கும்.

பாண்டிச்சேரியில் இருந்த பெரிய அரசு ஆஸ்பத்திரியில் போதைப் பழக்கத்துக்கு மருத்துவம் இலவசம். படுக்கை இலவசம், மருந்து இலவசம், சாப்பாடும் இலவசம். ஆனால் சேர்க்கும்போது ஒன்று கேட்பார்கள். "அட்டெண்டர் யாரு?" கூட இருந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆள். அது நியாயமான கேள்விதான். முதல் சில நாட்கள் உடம்பு படுகிற பாட்டைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். ஆனால் தினக்கூலி வீட்டில் ஒருவன் படுத்தால், இன்னொருவரும் வேலையை விட்டுவிட்டு அவனோடு போய் உட்கார்ந்தால், மிச்சம் இருப்பவர்களுக்கு அடுப்பு எரியாது. படுக்கை காலியாக இருந்தும் கூட இருக்க ஆளில்லாமல் திரும்பி வந்தவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. அந்த இடத்தில்தான் அக்கா போய் உட்கார்ந்தார்.

"நீங்க யாரும்மா இவருக்கு?"

"அக்கா."

"போன மாசம் ஒருத்தரு கூட வந்தீங்களே, அவரு?"

"அவனும் தம்பிதான்."

"எத்தனை தம்பிம்மா உங்களுக்கு?"

"எங்கம்மாவைத்தான் கேக்கணும் சிஸ்டர். அவ போய்ச் சேந்துட்டா."

அந்த சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதிக்கொள்வார் என்று என் தம்பி சொல்லியிருக்கிறான். என் தம்பியும் அந்தத் தம்பிகளில் ஒருவன். அதனால்தான் இவ்வளவும் எனக்குத் தெரியும்.

ஏன் இதைச் செய்கிறார் என்று அவரிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். எப்போதிலிருந்து, முதலில் யாரோடு போனீர்கள் என்றும் கேட்பேன். ஒரே பதில் இரண்டு தடவை வந்ததில்லை. ஒரு தடவை, "அங்க சோறு சூடா போடறாங்க" என்றார். இன்னொரு தடவை, "மேல ஃபேன் சுத்துது கிளார்க்கு, நம்ம ஊட்ல ஏது ஃபேனு?" என்றார். மழை கொட்டிய ஒரு நாளில், "என் கூரை ஒழுகுது. ஆஸ்பத்திரிக் கூரை ஒழுகல. கணக்கு அவ்ளோதான்" என்றார். வருஷத்தையாவது சொல்லுங்கள் என்றால், "இவருக்கு எல்லாத்துக்கும் ஒரு தேதி வேணும். எமன் வந்தாக்கூட இன்னிக்குத் தேதி என்னான்னு கேட்டு எழுதிக்கினுதான் கூடப் போவாரு" என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

என் தம்பி, பாத்திகளுக்கு உப்புத் தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜினைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தான். 2004 கோடையில் வரப்பில் வழுக்கி இன்ஜின் மேலேயே விழுந்தான். முதுகில் அடி. வலிக்கு ஒரு நீலக் கேப்சூல் எழுதிக் கொடுத்தார்கள், சில நாட்களுக்கு மட்டும். வலி போன பிறகும் கேப்சூல் போகவில்லை. சீட்டு இல்லாமல் கொடுக்கிற கடைகள் அவனுக்குத் தெரிந்திருந்தன. குடிக்காத பிள்ளை, வாயில் நாற்றம் இல்லை, தள்ளாட்டம் இல்லை. அதனால் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. மாத்திரை கிடைக்காத நாளில் ஓயாமல் கொட்டாவி விடுவான், மூக்கு ஒழுகும், வெயிலில் மயிர்க்கூச்செறியும், வயிறு போகும். அம்மா அதைச் சளிக் காய்ச்சல் என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள்.

அந்த டிசம்பரில் சுனாமி வந்தது. குப்பங்கள் நாசமாயின, உப்பளங்களில் சேறு ஏறியது. அடுத்த சில மாதங்கள் முகாம் போட்டு வைத்தியம் பார்க்கிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தூக்கம் வராதவர்களையும் பயந்துபோனவர்களையும் விசாரிக்கிற முகாம் ஒன்றும் நடந்தது. அங்கேதான் ஒரு டாக்டர் இரைந்து சொன்னார். "குடியோ, மாத்திரையோ, ஊசியோ, எதுவா இருந்தாலும் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு வாங்க. ஓபி சீட்டு போட்டா போதும், காசு வேணாம். மனநலம்னதும் பைத்தியம்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க." கூட்டத்தில் அக்கா மட்டும் எழுந்து, "கூட ஆளு இல்லாதவன் என்னா சார் பண்றது?" என்று கேட்டார். அந்த முகாம் எங்கள் தம்பிக்கானது என்று எங்களுக்கு அன்று தோன்றவில்லை.

அவன் மாத்திரை விஷயம் வெளியே வந்ததும் நாங்கள் செய்தது, எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். 2005 ஆடியில் அம்மா அவனைக் கோயிலுக்கு அழைத்துப் போய்க் கயிறு கட்டவைத்தாள். சாமி முன்னால் சத்தியம் செய்து கையில் கயிறு கட்டிக்கொண்டால் ஒரு மண்டலத்துக்குத் தொடக்கூடாது. தொட்டால் குடும்பத்துக்கு ஆகாது. தம்பி நடுங்கினான், புழுவாய்த் துடித்தான், ஆனால் தொடவில்லை. கயிறு அவிழ்க்கும் நாளைக் காலண்டரில் நான் வட்டம் போட்டு வைத்திருந்தேன். ஆவணியில் அந்த நாள் வந்தது. பொங்கல் வைத்துக் கயிற்றை அவிழ்த்தோம். குணமாகிவிட்டான் என்று சொந்தக்காரர்கள் வந்து சாப்பிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் இன்ஜின் கொட்டகையில் உதடு நீலமாகி, மூச்சு இருக்கிறதா இல்லையா என்கிற நிலையில் அவன் கிடந்தான். பழைய அளவையே ஒரேயடியாகப் போட்டிருந்தான். உப்பு ஏற்ற வந்த லாரியிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள்.

மறுநாள் டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். "இவ்ளோ நாள் நிறுத்தினதால உடம்பு அந்தப் பழக்கத்தை மறந்துடுச்சு. மனசு மறக்கல. பழைய அளவையே போட்டா உடம்பு தாங்காது, மூச்சு நின்னுடும். நிறுத்திட்டுத் திரும்ப ஆரம்பிக்கற நேரம்தான் ரொம்ப ஆபத்து. குடியில வேற மாதிரி. தினம் நெறைய குடிக்கறவன் திடீர்னு நிறுத்தினா வலிப்பு வந்தே சாகலாம். அதனாலதான் எதையும் வீட்ல வச்சு நிறுத்தாதீங்கன்னு சொல்றோம்."

"சத்தியம் பண்ணானே சார்" என்றாள் அம்மா.

"பண்ணட்டும்மா, தப்பில்ல. ஆனா சத்தியம் முடியற நாளு வருதில்ல? இது சர்க்கரை, பிரஷர் மாதிரி. முடியற தேதி கிடையாது."

காலண்டரில் போட்ட வட்டம் எனக்கு நினைவு வந்தது.

வார்டில் சேர்க்க வேண்டும், கூட ஆள் வேண்டும் என்றார்கள். தம்பி கையெடுத்துக் கும்பிட்டு, "மழை வரட்டும் சார், அக்காவோட வரேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். நான் கூட இருக்கிறேன் என்றபோது, "நீ இருந்தா நான் ஓடிடுவேன்" என்றான். அது மிரட்டல் இல்லை. நாங்கள் இருவரும் அப்போது ஒரு வார்த்தையைச் சண்டையில்லாமல் பேசி முடிக்க மாட்டோம். மழைவரை அவன் மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகக் கேப்சூல் போட, நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தோம். இன்னொரு முறை அவனை நீல உதட்டோடு பார்க்க நேர்ந்தால் அம்மா பிழைக்க மாட்டாள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

இடையில் ஓர் உறவினர், தனியார் மையம் ஒன்று இருக்கிறது, வண்டியே அனுப்பித் தூக்கிப் போவார்கள் என்றார். அக்கா தானாகவே போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தார். "வேணாம் கிளார்க்கு. பூட்டு கதவுக்கு வெளிப்பக்கம் தொங்குது. உள்ள இருந்து ஒருத்தன் ஜன்னல் வழியா என்னை, டைம் என்னான்னு கேட்டான். டைம் கூடத் தெரியாம வச்சிருக்கானுங்க" என்றார்.

ஐப்பசியில் மழை இறங்கியது. அந்த ஆண்டு கொஞ்சநஞ்ச மழையில்லை. உப்பளம் ஏரியாகக் கிடந்தது. மறுநாள் காலை அக்கா கூடையோடு எங்கள் வாசலில் நின்றார்.

"மழை வந்துட்ச்சிடா. கெளம்பு."

பஸ்ஸில் நான் பின்னிருக்கையில் இருந்தேன். தம்பி ஜன்னலோரம், அக்கா வழிப்பக்கம். கூனிமேடு நெருங்கும்போது தம்பி நெளிய ஆரம்பித்தான்.

"அக்கா, கொஞ்சம் நவுரு. ஒண்ணுக்குப் போவணும்."

"போலாமே" என்று அக்கா எழுந்தார். பஸ்ஸே கேட்கும்படி கண்டக்டரிடம் சொன்னார். "ஏம்பா, வண்டிய நிறுத்து. தம்பிக்கு ஒண்ணுக்கு வருதாம். நானும் கூடப் போறேன். கொடை புடிக்கறதுக்கு."

பஸ் முழுக்கச் சிரித்தது. "போங்கக்கா போங்க, மழைல நனைஞ்சிடப் போறாரு" என்றான் கண்டக்டர். தம்பி காதுவரை சிவந்துபோய் உட்கார்ந்துவிட்டான். பாண்டிச்சேரிவரை அவனுக்கு அப்புறம் எதுவும் வரவில்லை.

வார்டில் அக்கா கட்டிலில் உட்கார மாட்டார். தரையில் உட்கார்ந்து கட்டில் காலில் முதுகைச் சாய்த்துக்கொள்வார். கண்ணயரும்போது முந்தானையைக் கட்டிலோடு முடிந்துவிடுவார். ஒரு மதியம் அவர் தூங்குகிறார் என்று நினைத்துத் தம்பி மெல்லக் குனிந்து முடிச்சை அவிழ்த்திருக்கிறான். கண்ணைத் திறக்காமலே அக்கா, "அது சும்மா முடிச்சு. நெஜ முடிச்சு அந்தப் பக்கத்துல இருக்குது, சுத்திக்கினு வா" என்றாராம். எனக்கு அவன் இதைச் சொன்னபோது அழவும் செய்தான், சிரிக்கவும் செய்தான்.

வைத்தியத்தைப் பற்றி அக்கா நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி தப்பு. இளநீர் கொடுத்தால் மாத்திரை விஷமெல்லாம் சிறுநீரில் இறங்கிவிடும் என்பார். மொட்டை அடித்தால் சூடு தணியும், ஆசை போகும் என்று டாக்டரிடமே யோசனை சொன்னார். "இளநீ குடுங்கம்மா, உடம்புக்குத் தெம்பு. ஆனா அது மருந்தில்ல. மொட்டைய விட்டுடுங்க, குளிர் காலம்" என்றார் டாக்டர். அவர்கள் தம்பிக்கு வேறு மருந்து கொடுத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து இறக்கினார்கள். கொட்டாவி குறைந்தது, கால் குடைச்சல் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அக்காவும் தம்பியும் தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அக்கா பொய்யாட்டம் ஆடுகிறார் என்று தம்பி என்னிடம் புகார் சொன்னான். அவன் என்னிடம் புகார் சொல்லி எவ்வளவோ காலமாகியிருந்தது.

வார்டில் அக்காவுக்கு ஒரே ஒரு தொல்லை. புகையிலை. துப்புவதற்கு அடிக்கடி வெளியே போவார். டாக்டர் ஒருநாள் அவரை நிறுத்தி, "அம்மா, நீங்களும் ஒருநாள் என்கிட்ட வரத்தான் போறீங்க" என்றார்.

"எனக்கென்னா சார், இது வெறும் எலைதானே" என்றார் அக்கா.

தம்பி கட்டிலிலிருந்து, "நானும் வெறும் மாத்திரைன்னுதாங்கா சொன்னேன்" என்றான். அக்கா அவனை முறைத்துவிட்டுத் துப்பப் போய்விட்டார்.

வார்டு முடிந்தால் போதாது, சில மாதங்கள் தங்கிப் பழக வேண்டிய இடம் ஒன்று உண்டு என்றார்கள். ஓர் அறக்கட்டளை நடத்துவது, மத்திய அரசு மானியத்தில் ஓடுவது, அங்கும் காசு கிடையாது. ஆனால் படுக்கை குறைவு. ஆஸ்பத்திரியில் இருந்த சமூகப் பணியாளரே போன் போட்டுச் சொல்லிவைத்தார். இடம் காலியாவதற்குக் காத்திருந்த நாட்களில் அக்கா அவனைத் தன் குடிசைக்கு இழுத்துப்போனார். அளத்தில் உப்பு அம்பாரங்களை மூடுவதற்கு வைத்த பனை ஓலையில் மிச்சத்தைக் கேட்டு வாங்கி, அவனைக் கொண்டே கூரை வேயவைத்தார். முதுகு வலிக்கிறது என்று அவன் சொன்னால், "எறங்கி உக்காரு. வலி கொறைஞ்சதும் ஏறு" என்பார். மாத்திரை இல்லாமல் ஒரு வலி வந்து போகும் என்பதை அவன் அந்தக் கூரை மேல்தான் பார்த்தான்.

இடம் கிடைத்தது. மூவரும் போனோம். மையத்து வாசலில் அக்கா வழக்கம்போலக் கூடையோடு முதலில் நுழையப் பார்த்தார். வாசலில் இருந்தவர் தடுத்தார்.

"இங்க கூட ஆளு தங்கக் கூடாதும்மா. மாசத்துல குறிப்பிட்ட நாள்ல வந்து பாத்துட்டுப் போலாம்."

"நான் அட்டெண்டருப்பா."

"இங்க அட்டெண்டரே வேணாம்மா."

எத்தனையோ வாசல்களில் கூட ஆள் வேண்டும் என்று அவர்கள் கேட்டதாலேயே உள்ளே போன மனிதரை, முதன்முதலாக ஒரு வாசல் வேண்டாம் என்றது. கூடையைக் கை மாற்றிக்கொண்டார். கதவைப் பார்த்தார். பூட்டு எதுவும் இல்லை.

"தெறந்துதான் இருக்குது" என்றார் தனக்குத்தானே.

"நீ போக்கா" என்றான் தம்பி. "எறங்க மாட்டேன்."

அவன் உள்ளே போய் மறைந்தபிறகும் அக்கா கொஞ்சநேரம் நின்றார். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை காலியாக இருந்தது. நான் அதில் உட்காரப் போனேன். "நீ எதுக்கு அங்க?" என்று சொல்லிவிட்டு, அங்கே கூடையை வைத்தார்.

தம்பி மாசியில் வீட்டுக்கு வந்தான். பங்குனியில் மறுபடி இன்ஜின் வேலை, மறுபடி முதுகு வலி. ஒரு நாள் மாத்திரை போட்டுவிட்டான். ஆனால் மறுநாள் விடிந்ததும் அவனே அக்கா குடிசைக்குப் போய், "கூடைய எடுக்கா" என்றிருக்கிறான். உப்பு வாருகிற உச்சமான மாதம். அக்கா தலைச் சும்மாட்டை எடுத்து எறிந்துவிட்டுக் கிளம்பினார். டாக்டர் திட்டவில்லை. "எவ்ளோ போட்ட?" என்று மட்டும் கேட்டார். "பழைய அளவு போடல சார், பயமா இருந்துச்சு" என்றான். "நல்ல பயம். வந்தியே, அதான் முக்கியம்" என்றார். முதுகுக்கு வேறு வைத்தியமும் பயிற்சியும் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவன் தொட்டதாக எனக்குத் தெரியவில்லை.

அந்த ஆண்டு ஐப்பசியில் மழை வந்தும் அக்கா கூடையை இறக்கவில்லை. கூப்பிட்டவர்களிடம் சாக்குச் சொன்னார். மோர்ச் சோற்றைத் தவிர எதுவும் சாப்பிடவில்லை, ஊறுகாயைத் தொடவில்லை என்பதைத் தம்பிதான் கவனித்தான். வாயைத் திறக்கச் சொன்னான், மாட்டேன் என்றார். புகையிலை அடக்கும் பக்கத்துக் கன்னத்தில் வெள்ளைப் படையும் புண்ணும். ஆஸ்பத்திரிக்குப் போனேன், காட்டினேன், ஒன்றுமில்லையாம் என்றார். பஸ் கண்டக்டர் வேறு கதை சொன்னான். "அக்காவா? ரெண்டு தடவை பாண்டிக்கு டிக்கெட் எடுத்துச்சு. ரெண்டு தடவையும் கூனிமேட்டுலயே எறங்கிடுச்சு. எதிர் பஸ்ல ஏறித் திரும்பிப் போய்ட்ச்சே."

அந்தப் புண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சதை எடுத்துப் பார்த்தார்கள், புற்றுநோய் இல்லை. இன்னும் கொஞ்சநாள் விட்டிருந்தால் எதுவும் சொல்ல முடியாது, புகையிலையை விட்டே ஆகவேண்டும் என்றார்கள். அக்கா விட்டார். எரிச்சலோடு, எல்லோரையும் ஏசிக்கொண்டு, மடி நிறையப் பொட்டுக்கடலையை வைத்து மென்றுகொண்டு விட்டார். நடுவில் ஒருமுறை தவறினார், மறுபடி விட்டார்.

எங்கள் மூவருக்கும் மறக்காதது அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போன நாள். மழை தூறிக்கொண்டிருந்தது. தம்பி அக்காவின் கூடையைத் தானே தூக்கிக்கொண்டு பஸ்ஸில் முதலில் ஏறினான். இருக்கை அருகில் ஒதுங்கி நின்றான்.

"ஜன்னலோரம் நீ உக்காருக்கா."

"எனக்குச் சாரல் அடிக்கும்டா."

"ஷட்டர இறக்கிக்கலாம். உக்காரு."

அக்கா என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்துக்கொண்டேன். முணுமுணுத்தபடி உள்ளே போய் உட்கார்ந்தார். தம்பி ஷட்டரை இறக்கிவிட்டு, வழிப்பக்கம் உட்கார்ந்து கூடையைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டான். கூனிமேடு நெருங்கியதும் புடவையைச் சரிசெய்துகொண்டு எழ முயன்றார்.

"தம்பி, நவுரு. ஒண்ணுக்குப் போவணும்."

தம்பி உடனே எழுந்தான். கூடையில் செருகியிருந்த குடையை உருவினான்.

"கண்டக்டரே, வண்டிய நிறுத்துங்க" என்றான், பஸ்ஸே கேட்கும்படி. "அக்காவுக்கு ஒண்ணுக்கு வருதாம். நானும் கூடப் போறேன்."

பஸ் சிரித்தது. அக்கா அவனை அடிக்கக் கை ஓங்கினார். அடிக்கவில்லை. அப்படியே உட்கார்ந்து ஷட்டரை மேலே ஏற்றிவிட்டு, முகத்தில் சாரல் படப் பாண்டிச்சேரிவரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.